சைக்கிள் அங்கேயே நிற்கும், டோக்கன் மட்டும்தான் போகும்: பிளாக்செயின் 'பிரிட்ஜ்' எப்படி வேலை செய்கிறது?

2022 மார்ச் 29. 'ஆக்ஸி இன்ஃபினிட்டி' என்ற ஆன்லைன் கேமின் பயனர் ஒருவர், ரோனின் பிளாக்செயினில் இருந்த தன்னுடைய 5,000 ஈதரை எத்தீரியத்துக்கு எடுக்கப் பார்க்கிறார். வரவில்லை. என்ன ஆச்சு என்று கேட்கிறார். கேமை நடத்தும் 'ஸ்கை மேவிஸ்' நிறுவனம் போய்ப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரிகிறது. பெட்டகமே காலி. 1,73,600 ஈதரும் 2.55 கோடி யுஎஸ்டிசி டோக்கன்களும் போயிருந்தன. அன்றைய மதிப்பில் 60 கோடி டாலருக்கு மேல்.

அதைவிட அதிர்ச்சி, திருட்டு நடந்தது மார்ச் 23-ஆம் தேதி. 6 நாளாக யாருக்கும் தெரியவில்லை.

அந்த 6 நாளும் ரோனின் பயனர்களின் வாலட்டில் பேலன்ஸ் குறையாமல் அப்படியேதான் காட்டியது. வாங்கினார்கள், விற்றார்கள், விளையாடினார்கள். பேலன்ஸ் இருக்கு, பணம் இல்லை. அதெப்படி? இதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால், ஒரு பிளாக்செயினிலிருந்து இன்னொன்றுக்கு டோக்கன் போவதாகச் சொல்லும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஏன் நேரடியாக அனுப்ப முடியாது?

எத்தீரியம், சொலானா, பாலிகான், ரோனின் எல்லாம் தனித்தனி கணக்குப் புத்தகங்கள். எத்தீரியம் புத்தகத்தில் எழுதியிருப்பது எத்தீரியத்துக்கு மட்டும்தான் தெரியும். அதில் ஓடும் ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது யாரும் இடையில் கை வைக்காமல் தானாக இயங்கும் புரோகிராம், பக்கத்து செயினில் என்ன நடந்தது என்று தானாக எட்டிப் பார்க்கவே முடியாது.

வங்கிகளில் இந்தப் பிரச்னை இல்லை. ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் போகிறது என்றால், இரண்டுக்கும் பொதுவாக நடுவில் ஓர் அமைப்பு இருக்கிறது. யுபிஐ என்றால் என்பிசிஐ, என்இஎஃப்டி என்றால் ரிசர்வ் வங்கி. இந்தக் கணக்கில் கழித்து, அந்தக் கணக்கில் கூட்டுவதற்கு ஆள் உண்டு. பிளாக்செயின்களுக்கு அப்படிப் பொதுவான ஒருவர் கிடையாது. இல்லாமல் இருப்பதுதான் அவற்றின் பெருமையே.

அப்படியானால் எதற்கு மாற்ற வேண்டும்? முக்கிய காரணம் கட்டணம். 2021-ல் எத்தீரியத்தில் நெரிசல் அதிகமாக இருந்தபோது ஒரே ஒரு பரிவர்த்தனைக்குப் பல டாலர்கள் 'கேஸ்' கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. சில டாலர் மதிப்புள்ள பொருளை வாங்கி விற்கும் கேமுக்கு இது கட்டுப்படியாகாது. அதனால்தான் ஸ்கை மேவிஸ் தனக்கென்று ரோனின் என்ற தனி செயினை உருவாக்கியது. கேம் அங்கே, பணம் எத்தீரியத்தில். இரண்டையும் இணைக்க ஒரு பாலம் தேவைப்பட்டது. அதுதான் பிரிட்ஜ்.

பாலம் இல்லை, சைக்கிள் ஸ்டாண்ட்

'பிரிட்ஜ்' என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிறது. பாலம் என்றதும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வண்டி போகிற மாதிரி தோன்றும். இங்கே எதுவும் கரையைக் கடப்பதில்லை.

ரயில்வே ஸ்டேஷன் வாசலில் இருக்கும் சைக்கிள் ஸ்டாண்டை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். சைக்கிளை விட்டால் கையில் ஒரு டோக்கன் தருவார்கள். சைக்கிள் அங்கேயே நிற்கும், டோக்கன் மட்டும் சட்டைப் பையில் ஊருக்குப் போகும். திரும்பி வந்து டோக்கனைக் கொடுத்தால் சைக்கிள் கிடைக்கும்.

பிரிட்ஜும் இதேதான். எத்தீரியத்தில் இருக்கும் ஒரு கான்ட்ராக்டில் ஈதரைப் பூட்டி வைக்கிறார்கள். அடுத்த செயினில் உள்ள இன்னொரு கான்ட்ராக்ட், அதே அளவுக்குப் புதிதாக ஒரு டோக்கனை உருவாக்கிக் கொடுக்கிறது. இதற்கு 'ராப்டு' டோக்கன் என்று பெயர். திரும்ப எடுக்கும்போது அந்த டோக்கனை அங்கே அழித்துவிட்டு, இங்கே பூட்டைத் திறக்கிறார்கள்.

சைக்கிள் ஸ்டாண்டில் இருக்கும் அதே இரண்டு ஆபத்துகள் இங்கேயும் உண்டு. ஒன்று, ஸ்டாண்டிலிருந்து சைக்கிளையே யாராவது ஓட்டிக்கொண்டு போவது. இரண்டாவது, சைக்கிள் விடாமலேயே யாராவது டோக்கன் அடித்துக்கொள்வது. எப்படி நடந்தாலும் நிஜமாகவே சைக்கிள் விட்டவர் கையில் மிஞ்சுவது வெறும் அட்டைத் துண்டு.

ஒரு வித்தியாசம் உண்டு. சைக்கிள் டோக்கனை யாரும் கடையில் கொடுத்து அரிசி வாங்குவதில்லை. ராப்டு டோக்கனை அடுத்த செயினில் விற்கலாம், அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம், வட்டிக்கு விடலாம். அதனால் இங்கே சைக்கிள் காணாமல் போனால், அங்கே பிரிட்ஜ் பக்கமே போகாதவர்களுக்கும் அடி விழும்.

பட்டனை அழுத்தியதும் உள்ளே நடப்பது என்ன?

இந்தியர்கள் தொடங்கிய பாலிகானின் பிரிட்ஜை எடுத்துக்கொள்ளலாம். ஒருவரிடம் எத்தீரியத்தில் 100 யுஎஸ்டிசி இருக்கிறது. அதைப் பாலிகானில் பயன்படுத்த நினைக்கிறார். இணையதளத்தில் பார்த்தால் ஒரு பெட்டி, ஒரு பட்டன், அவ்வளவுதான். ஆனால் வாலட் இரண்டு முறை கையெழுத்து கேட்கும். பலரும் ஏன் என்று யோசிக்காமலேயே 'ஓகே' கொடுக்கும் இடம் இது.

முதல் கையெழுத்து, 'அப்ரூவ்'. யுஎஸ்டிசி என்பது வாலட்டுக்குள் கிடக்கும் நாணயம் கிடையாது. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியல் யுஎஸ்டிசியின் கான்ட்ராக்டில் இருக்கிறது. பிரிட்ஜ் நினைத்தால் அதில் கை வைக்க முடியாது. "என் கணக்கிலிருந்து இந்த கான்ட்ராக்ட் இவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்" என்று உரிமையாளர் முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் அப்ரூவ். இதில் பணம் எதுவும் நகராது, அனுமதி மட்டும்தான். யுஎஸ்டிசிக்கு 6 தசம இடங்கள் உண்டு என்பதால் 100 என்பதை கான்ட்ராக்ட் 100000000 என்று படிக்கும். ஈதருக்கு 18 தசம இடங்கள். நேரடியாக கான்ட்ராக்டை அழைத்து வேலை செய்யும் டெவலப்பர்கள் சறுக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

இரண்டாவது கையெழுத்துதான் நிஜமான டெபாசிட். பிரிட்ஜ் கான்ட்ராக்டில் உள்ள 'டெபாசிட் ஃபார்' என்ற கட்டளையை வாலட் அழைக்கிறது. அதற்கு மூன்று தகவல் போகும். அந்தப் பக்கம் யாருக்குப் போக வேண்டும், எந்த டோக்கன், எவ்வளவு. கான்ட்ராக்ட் 100 யுஎஸ்டிசியை எடுத்துத் தன்னிடம் பூட்டிக்கொள்கிறது. கூடவே, "இன்னாருக்காக இவ்வளவு வந்தது" என்று எத்தீரியம் புத்தகத்தில் ஒரு குறிப்பு எழுதுகிறது.

அனுப்புவது யுஎஸ்டிசி இல்லாமல் ஈதராக இருந்தால் அப்ரூவ் தேவையில்லை. ஈதர் எத்தீரியத்தின் சொந்தப் பணம் என்பதால் கட்டளையோடு சேர்த்தே அனுப்பிவிடலாம். ஒரே கையெழுத்து போதும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கட்டளையை அழைக்காமல், பிரிட்ஜ் கான்ட்ராக்டின் முகவரிக்குச் சும்மா டோக்கனை அனுப்பிவிடுவார்கள், நண்பருக்கு அனுப்புகிற மாதிரி. டோக்கன் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் யாருக்காக வந்தது என்று குறிப்பு எழுதப்படாது. ஸ்டாண்ட்காரர் பார்க்காத நேரத்தில் சைக்கிளை உள்ளே தள்ளிவிட்டு வந்த கதைதான். டோக்கனும் கிடைக்காது, கான்ட்ராக்டில் அதற்கென வழி எழுதியிருந்தால் ஒழிய சைக்கிளும் திரும்பாது.

சரி, குறிப்பு எழுதியாச்சு. அது பாலிகானுக்கு எப்படித் தெரியும்? கான்ட்ராக்டால் எட்டிப் பார்க்க முடியாது என்று மேலே பார்த்தோம். அதனால் இரண்டு பக்கமும் கண் வைத்திருக்கும் ஆட்கள் வேண்டும். சரியாகச் சொன்னால் ஆட்கள் ஓட்டும் கம்ப்யூட்டர்கள். பாலிகானில் 'வேலிடேட்டர்கள்' எனப்படும் சரிபார்ப்பாளர்களே இந்த வேலையைச் செய்கிறார்கள். எத்தீரியத்தில் குறிப்பைப் படித்து, "ஆமாம், வந்தது" என்று தங்களுக்குள் உறுதி செய்து, பாலிகான் பக்கம் தகவல் தருகிறார்கள். அதன் பிறகே அங்கே 100 டோக்கன் உருவாகும்.

இதற்கு நேரம் எடுக்கும். சோம்பேறித்தனம் காரணமில்லை. எத்தீரியத்தில் ஒரு பிளாக் இனி மாறவே மாறாது என்ற நிலைக்கு வர சுமார் 13 நிமிடம் ஆகும். அதற்கு முன் அந்தப் பக்கம் டோக்கனைக் கொடுத்துவிட்டு, இந்தப் பக்கம் பிளாக் ரத்தானால்? சைக்கிளே இல்லாத டோக்கன் ஒன்று சந்தைக்கு வந்துவிடும்.

திரும்பி வரும் வழி இன்னும் நீளம். பாலிகானில் டோக்கனை அழிக்க வேண்டும். அழித்ததற்கான சுருக்கக் கணக்கை வேலிடேட்டர்கள் அவ்வப்போது எத்தீரியத்தில் பதிவு செய்வார்கள். அது வரும்வரை காத்திருந்து, அதை ஆதாரமாகக் காட்டி எத்தீரியத்தில் 'எக்ஸிட்' கட்டளையை அழைக்க வேண்டும். அதற்கு எத்தீரியத்தின் கேஸ் கட்டணம் தனி.

கட்டணம் என்றதும் இன்னொன்று. புதிய செயினுக்கு டோக்கன் வந்து சேர்ந்த பிறகு, அதை நகர்த்த அந்தச் செயினின் சொந்தக் காசு வேண்டும். பாலிகானில் அது 'பிஓஎல்', சொலானாவில் 'சோல்'. அதை வைத்துக்கொள்ளாமல் போனால் பஸ் ஏறி ஊர் வந்துவிட்டு ஆட்டோவுக்குக் காசு இல்லாமல் நிற்கிற மாதிரி ஆகிவிடும். பணம் கண் முன்னால் இருக்கும், தொட முடியாது.

9 பேரில் 5 பேர் போதும்

இப்போது ரோனினுக்குத் திரும்பலாம். பூட்டு உடைக்கப்பட்டதா? இல்லை. சாவி போட்டுத்தான் திறந்தார்கள்.

ரோனின் பிரிட்ஜில் மொத்தம் 9 வேலிடேட்டர்கள். அவர்களில் 5 பேர் கையெழுத்துப் போட்டால் எத்தீரியம் பக்கம் பூட்டு திறக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 9-ல் 4 ஸ்கை மேவிஸ் நிறுவனத்தின் கையிலேயே இருந்தன. அந்த ஒரு நிறுவனத்துக்குள் புகுந்தால் 4 கையெழுத்து மொத்தமாகக் கிடைக்கும். ஐந்தாவதாக ஒன்றே ஒன்று போதும்.

அந்த ஐந்தாவது எப்படிக் கிடைத்தது என்பதுதான் இந்தக் கதையின் மையம். 2021 நவம்பரில் கேமுக்குக் கூட்டம் தாங்கவில்லை. வேலைப்பளுவைச் சமாளிக்க, 'ஆக்ஸி டிஏஓ' என்ற அமைப்பு தன் சார்பில் ஸ்கை மேவிஸே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தது. டிசம்பரில் அந்த ஏற்பாடு முடிந்துபோனது. ஆனால் கொடுத்த அனுமதியை யாரும் ரத்து செய்யவில்லை. ஸ்கை மேவிஸ் உள்ளே புகுந்தவர்களுக்கு அந்தக் கதவும் திறந்தே கிடந்தது. 4 பிளஸ் 1, ஐந்து. இரண்டே இரண்டு பரிவர்த்தனைகளில் பெட்டகம் காலி.

எத்தீரியத்தின் பார்வையில் இங்கே எந்தத் தப்பும் நடக்கவில்லை. ஐந்து கையெழுத்து கேட்டது, ஐந்து வந்தது, திறந்தது. அதனால்தான் எந்த அலாரமும் அடிக்கவில்லை.

ரோனின் பக்கம் பயனர்களின் பேலன்ஸ் ஏன் குறையவில்லை என்பதும் இப்போது புரியும். அது டோக்கன். காணாமல் போனது ஸ்டாண்டில் நின்ற சைக்கிள்.

இந்தப் பணத்தில் கோடீஸ்வரர்களின் முதலீடு மட்டும் இல்லை. கொரோனா ஊரடங்கில் வேலை இழந்த பிலிப்பைன்ஸ் மக்கள் பலர் ஆக்ஸி விளையாடியே வீட்டுச் செலவைச் சமாளித்தார்கள். அவர்கள் சம்பாதித்ததும் இதே செயினில்தான் இருந்தது. வட கொரியாவின் 'லாசரஸ்' ஹேக்கர் குழுதான் இதைச் செய்தது என்று 2022 ஏப்ரல் 14-ல் அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது. ஸ்கை மேவிஸ், பைனான்ஸ் தலைமையில் 15 கோடி டாலர் முதலீடு திரட்டி, தன் சொந்தப் பணத்தையும் சேர்த்து, பயனர்களின் பணத்தை ஈடுகட்டியது. பிரிட்ஜ் ஜூன் 28-ல்தான் மறுபடி திறந்தது. தேவைப்படும் கையெழுத்து 5-லிருந்து 8 ஆனது.

பூட்டு சரி, சரிபார்ப்புதான் கோட்டை விட்டது

ரோனினில் திருடுபோனது சாவி. வேறு சில பிரிட்ஜ்களில் சாவியே தேவைப்படவில்லை.

2022 பிப்ரவரி 2-ஆம் தேதி 'வோர்ம்ஹோல்' பிரிட்ஜில், எத்தீரியத்தில் ஒரு ஈதர்கூடப் பூட்டாமல் சொலானாவில் 1,20,000 ராப்டு ஈதர் உருவாக்கப்பட்டது. மதிப்பு 30 கோடி டாலருக்கு மேல். வோர்ம்ஹோலுக்கு 19 காவலர்கள். அவர்களில் யாரும் ஏமாறவில்லை, யாருடைய சாவியும் திருடு போகவில்லை. கையெழுத்துகளைச் சரிபார்த்த பிறகு, "சரிபார்த்தாச்சு" என்ற தகவலை ஒரு குறிப்பிட்ட சிஸ்டம் கணக்கிலிருந்து கான்ட்ராக்ட் படிக்க வேண்டும். அது நிஜமாகவே சிஸ்டம் கணக்குதானா என்று கான்ட்ராக்ட் பார்க்கவில்லை. ஹேக்கர் தானே தயாரித்த போலிக் கணக்கை நீட்டினார். கான்ட்ராக்ட் நம்பியது. வோர்ம்ஹோலின் பின்னால் இருந்த 'ஜம்ப்' நிறுவனம் அத்தனை ஈதரையும் தன் கையிலிருந்து போட்டு ஓட்டையை அடைத்தது. அப்படிப் போட ஆள் இருந்ததால் பயனர்கள் தப்பினார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1-ல் 'நோமாட்' பிரிட்ஜில் நடந்தது இன்னும் விசித்திரம். நோமாடில் ஒவ்வொரு தகவலும் நிரூபிக்கப்பட்டதா என்று பார்க்க, நம்பத்தகுந்த முத்திரை எண்களின் பட்டியல் ஒன்று இருந்தது. ஓர் அப்டேட்டின்போது அந்தப் பட்டியலில் தவறுதலாகப் பூஜ்ஜியமும் சேர்ந்துவிட்டது. இதுவரை நிரூபிக்கப்படாத எந்தத் தகவலுக்கும் முத்திரை என்ன? பூஜ்ஜியம். அப்படியானால் நிரூபிக்கப்படாத எல்லாமே நிரூபிக்கப்பட்டதாக ஆகிவிட்டது.

முதலில் ஒருவர் இதைக் கண்டுபிடித்துப் பணத்தை எடுத்தார். பிளாக்செயினில் எல்லாமே பகிரங்கம் என்பதால், அவர் அழைத்த கட்டளையை மற்றவர்களும் பார்த்தார்கள். அதை அப்படியே காப்பி அடித்து, அவருடைய முகவரி இருந்த இடத்தில் தங்கள் முகவரியைப் போட்டு அனுப்பினார்கள். வேலை செய்தது. கோடிங் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நூற்றுக்கணக்கான முகவரிகள் வரிசை கட்டி, சில மணி நேரத்தில் சுமார் 19 கோடி டாலரை எடுத்துக் காலி செய்தன. அதில் சிலர் நல்லவர்கள். திருடன் கைக்குப் போவதற்குள் எடுத்து வைத்தவர்கள். 90 சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்தால் மீதி 10 சதவீதம் பரிசு என்று நோமாட் அறிவித்ததும் ஒரு பகுதி திரும்பி வந்தது.

பாலிகானும் மயிரிழையில் தப்பியதுதான். 2021 அக்டோபரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அதன் 'பிளாஸ்மா' பிரிட்ஜில் ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒருமுறை அழித்த டோக்கனுக்கான ஆதாரத்தைச் சற்றே மாற்றி மாற்றிக் காட்டினால், 223 முறை வரை பணத்தை எடுக்க முடிந்தது. ஆபத்தில் இருந்த தொகை சுமார் 85 கோடி டாலர். அவர் திருடவில்லை, தெரிவித்தார். 20 லட்சம் டாலர் பரிசு கிடைத்தது.

இவையெல்லாம் அங்கொன்று இங்கொன்றாக நடந்தவை இல்லை. பிளாக்செயின் தரவுகளை ஆராயும் 'செயினாலிசிஸ்' நிறுவனம் 2022 ஆகஸ்டில் ஒரு கணக்கு வெளியிட்டது. 13 பிரிட்ஜ் தாக்குதல்களில் சுமார் 200 கோடி டாலர் போயிருந்தது. அந்த ஆண்டு அதுவரை கிரிப்டோவில் திருடு போன மொத்தத் தொகையில் இது 69 சதவீதம். நியாயம்தான். பல லட்சம் பேரின் பணம் ஒரே கான்ட்ராக்டில் குவிந்திருந்தால் திருடன் வேறு எங்கே போவான்?

ஸ்டாண்ட்காரரே காணாமல் போனால்?

திருட்டும் இல்லாமல், கோடிங் தவறும் இல்லாமல் ஒரு பிரிட்ஜ் நொடித்துப்போக முடியுமா? 'மல்டிசெயின்' அதற்கு உதாரணம். பல செயின்களை இணைத்த பெரிய பிரிட்ஜ் அது. சாவி பல துண்டுகளாகப் பல கம்ப்யூட்டர்களில் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது, அதனால் பாதுகாப்பு என்பதுதான் அதன் பேச்சு.

2023 மே மாதம் அதன் தலைமைச் செயல் அதிகாரியைச் சீன போலீஸ் அழைத்துச் சென்றது. அதன் பிறகுதான் தெரிந்தது, அந்தக் கம்ப்யூட்டர்கள் எல்லாமே அவர் ஒருவருடைய கிளவுட் கணக்கில் ஓடியவை. ஜூலை தொடக்கத்தில் அந்த பிரிட்ஜிலிருந்து 12 கோடி டாலருக்கு மேல் வெளியே போனது. ஜூலை 14-ல் நிறுவனம் கையை விரித்துவிட்டது.

மல்டிசெயின் டோக்கன்களை நம்பியிருந்த 'ஃபேன்டம்' என்ற செயினில் அவற்றின் விலை சரிந்தது. ஒரு டாலருக்குச் சமம் என்று வாங்கி வைத்திருந்தவர்கள் கையில் சில காசுகள்தான் மிஞ்சின. ரோனினில் ஈடுகட்ட ஒரு கம்பெனி இருந்தது, வோர்ம்ஹோலில் ஜம்ப் இருந்தது. இங்கே யாரும் இல்லை.

வேறு வழிகள் உண்டா?

உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையும் உண்டு.

ஆர்பிட்ரம், பேஸ் போன்ற 'லேயர் 2' செயின்கள் தங்கள் கணக்கு முழுவதையும் எத்தீரியத்திலேயே பதிவு செய்கின்றன. அவற்றின் சொந்த பிரிட்ஜில் பணம் போடுவது சில நிமிட வேலை. எடுப்பதற்குச் சுமார் 7 நாள். அந்த ஒரு வாரத்தில் யார் வேண்டுமானாலும் "இந்தக் கணக்கு பொய்" என்று ஆட்சேபிக்கலாம் என்பதற்காக வைத்த அவகாசம் அது. 9 பேரை நம்புவதைவிட இது பாதுகாப்பானது. ஆனால் அவசரத்துக்கு உதவாது.

அவசரக்காரர்களுக்கு 'அக்ராஸ்' போன்ற பிரிட்ஜ்கள். வெளிநாட்டிலிருந்து உண்டியல் முறையில் பணம் அனுப்புவதைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். அங்கே ஒருவரிடம் கொடுத்தால், இங்கே இன்னொருவர் தன் கைப்பணத்திலிருந்து உடனே கொடுத்துவிடுவார். அவர்கள் தங்களுக்குள் பிறகு கணக்குத் தீர்த்துக்கொள்வார்கள். இங்கே அந்தக் கணக்கைத் தீர்த்து வைப்பது கான்ட்ராக்ட். காத்திருக்கும் ரிஸ்க் பயனருக்கு இல்லை, பணம் போட்டவருக்கு. அதற்கு அவர் ஒரு சின்ன கமிஷன் எடுத்துக்கொள்வார்.

மூன்றாவது, டோக்கனை வெளியிட்ட நிறுவனமே பிரிட்ஜாக இருப்பது. யுஎஸ்டிசியை வெளியிடும் 'சர்க்கிள்' 2023 ஏப்ரலில் இப்படி ஒரு சேவையைத் தொடங்கியது. இந்தச் செயினில் யுஎஸ்டிசியை அழித்தால், சர்க்கிள் அதற்குச் சான்று கொடுக்கும். அதைக் காட்டினால் அந்தச் செயினில் அசல் யுஎஸ்டிசியே புதிதாக உருவாகும். பூட்டி வைப்பது என்ற பேச்சே இல்லை, எனவே கொள்ளையடிக்கப் பெட்டகமும் இல்லை. சர்க்கிளை நம்பித்தானே ஆக வேண்டும்? ஆமாம். ஆனால் யுஎஸ்டிசி வைத்திருப்பவர் அந்த நிறுவனத்தை ஏற்கெனவே நம்பியவர்தான், புதிதாக யாரையும் நம்பத் தேவையில்லை.

அனுப்பும் முன் பார்க்க வேண்டியது

முதலில், எந்த டோக்கன் வந்து சேரப் போகிறது என்று பார்க்க வேண்டும். பாலிகானிலும் ஆர்பிட்ரமிலும் 'யுஎஸ்டிசி' என்றும் 'யுஎஸ்டிசி டாட் இ' என்றும் இரண்டு உண்டு. முதலாவது சர்க்கிள் நேரடியாக வெளியிட்டது. இரண்டாவது பிரிட்ஜ் கொடுத்த டோக்கன். விலை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், ஆனால் இரண்டாவதின் பின்னால் நிற்பது பிரிட்ஜ். எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது, அந்த எக்ஸ்சேஞ்ச் எதை ஏற்கிறது என்று பார்க்காமல் அனுப்பினால் பணம் சிக்கிக்கொள்ளும்.

அடுத்து, அப்ரூவ். வாலட் பல நேரம் "அளவில்லாத அனுமதி" என்று எழுதி நீட்டும். ஒவ்வொரு முறையும் கேட்காமல் இருக்கலாம், கட்டணமும் மிச்சம் என்பது காரணம். ஆனால் 100 டோக்கன் அனுப்ப முழு கணக்குக்கும் சாவி கொடுத்த மாதிரி ஆகிவிடும். 2024 ஜூலையில் பல பிரிட்ஜ்களை ஒரே இடத்தில் தரும் 'லி.ஃபை' சேவையின் கான்ட்ராக்டில் ஓட்டை ஏற்பட்டபோது, அளவில்லாத அனுமதி கொடுத்து வைத்திருந்தவர்களின் வாலட்டிலிருந்துதான் பணம் போனது. பிரிட்ஜை அவர்கள் அன்று பயன்படுத்தக்கூட இல்லை. தேவையான தொகையை மட்டும் எழுதலாம். பழைய அனுமதிகளை ரத்து செய்யவும் முடியும், அதற்கும் கேஸ் கட்டணம் உண்டு.

முகவரியைத் தேடுபொறி விளம்பரத்திலிருந்து எடுக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. போலி பிரிட்ஜ் தளங்கள் அங்கேதான் வலை விரிக்கின்றன. பெரிய தொகை என்றால் முதலில் சின்னதாக ஒன்றை அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு மீதியை அனுப்புவது வழக்கம். இரண்டு முறை கட்டணம் போகும், போனால் போகட்டும்.

பிரிட்ஜில் போட்ட பணம் இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்பதையும் பார்க்க முடியும். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். 'ஈதர்ஸ்கேன்' போன்ற தளத்தில் பிரிட்ஜ் கான்ட்ராக்டின் முகவரியைப் போட்டால், அதில் பூட்டியிருக்கும் தொகை தெரியும். அடுத்த செயினின் தளத்தில் அந்த ராப்டு டோக்கன் மொத்தம் எவ்வளவு உருவாக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும். பூட்டி உருவாக்கும் வகை பிரிட்ஜில் பூட்டியது எப்போதும் உருவாக்கியதற்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

ரோனின் பிரிட்ஜின் கணக்கும் 2022 மார்ச் 23 முதல் 29 வரை இதே மாதிரி பகிரங்கமாகத்தான் இருந்தது.